ஈரானுக்குப் போகும் தேயிலையும் மலையகத்தின் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரானின் தெற்குக் கரையை ஒட்டிய ஹோர்மூஸ் நீரிணை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒடுங்கிய கடல்வழியாகப் போகிறது. அது அடைபட்டால் துறைமுகம், ரூபாயின் பெறுமதி, எரிபொருள் கையிருப்பு எல்லாம் என்னவாகும் என்று கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகம் என்ற சொல் மட்டும் அதில் ஓரிடத்திலும் இல்லை. சர்வதேசப் பாதுகாப்பு, எரிசக்தி என்று கொழும்பில் நடக்கும் ஆய்வுகள் பலவற்றிலும் இதே நிலைதான் என்பதால் எழுதுகிறேன்.

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 25 கோடியே 10 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையால் வங்கி வழியாகப் பணம் அனுப்ப முடியவில்லை. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பதென்று 2021 டிசெம்பரில் உடன்பாடானது. தேயிலை உணவுப் பொருள், ஆகவே தடைக்குள் வராது என்பது அரசின் வாதம். ஏற்றுமதியாளருக்கு இங்கேயே ரூபாயில் பணம். அந்தக் கணக்கில் கடன் தீர நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். சரி, யாருடைய தேயிலை அது?

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஈரான், ஈராக் பக்கத்தில் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை: நன்றாக முறுக்கிய கறுத்த இலை, கடும் சாயம். மேல்மலையில் விளையும் நுவரெலியா, டிம்புள்ளத் தேயிலைக்கு வேறு சந்தை. அப்படியானால் இந்தப் பண்டமாற்றால் மேல்மலைத் தோட்டங்களுக்கு என்ன கிடைத்தது, ஏல விலை எங்கே எவ்வளவு அசைந்தது, தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு ரூபாயாவது ஏறியதா? இவற்றுக்குப் பதில் சொல்ல ஆய்வு வேண்டும். நட்புறவு, இராஜதந்திர வெற்றி என்ற பேச்சு போதாது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லாமல் எண்ணெய் வரவில்லை; மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மேல்மாடியில் வாடப் போட்ட கொழுந்துக்கு ஓயாமல் காற்று ஓட வேண்டும். காற்றாடி நின்றால் இலை சூடேறி, சிவந்து, புளித்த வாடை வீசும். அதற்குப் பிறகு எந்தக் கைதேர்ந்தவராலும் அதைத் தேயிலையாக்க முடியாது. விடியற்காலையில் மழையில் நனைந்து பறித்த கொழுந்து அப்படித்தான் குப்பைக்குப் போகும். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்து அடுப்படிக்கு அதுதான் எரிசக்திக் கொள்கை.

உமா ஓயாவும் இதே கதையின் இன்னொரு பக்கம். அது 120 மெகாவொட் நீர்மின் திட்டம். கடன் தருவதாக இருந்த ஈரானிய வங்கி, தடைகளால் 2013இல் பாதியில் நிறுத்திக்கொள்ள, மீதிச் செலவு இலங்கையின் தலையில் விழுந்தது. சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டதில் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் சனம் தெருவில் இறங்கியது. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தபோது உலகச் செய்தி நிறுவனங்கள் அவரது பயணத்தின் அரசியலை எழுதித் தள்ளின. வற்றிய கிணறுகளை எத்தனை பேர் எழுதினார்கள்?

வெளிநாட்டுக் கொள்கை எங்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல, ஐயா. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இந்திய வம்சாவளித் தமிழரான எங்களைப் பங்கு பிரித்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

லக்ஷ்மன் கதிர்காமர் நிறுவகம் போன்ற வெளியுறவு ஆய்வு நிறுவனங்கள் அடுத்த முறை எண்ணெய், கடல்பாதை, தடை என்று அறிக்கை எழுதும்போது பெருந்தோட்டத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கட்டும். தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகளை அந்த வேலைக்குச் சேர்க்கட்டும். அறிக்கையின் சாரத்தைத் தமிழில் வெளியிடத் தங்கள் பத்திரிகை வாரம் அரைப் பக்கம் தந்தால், படிக்கவும் கேள்வி கேட்கவும் இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
ஹட்டன்.