ஸ்பாட்டில் ஓட்டச் சொல்லுமுன் கோட்டாவைப் பாருங்கள்: கல்லூரி, ஆய்வகக் கிளவுட் கணக்கு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். செலவு குறையட்டும் என்று எல்லோரையும் ஸ்பாட்டில் ஓட்டச் சொல்கிறீர்கள். சரிதான். அமேசானின் ஈசி2 என்னும் வாடகைக் கணினிச் சேவையில் சும்மா கிடக்கும் இயந்திரங்கள் ஸ்பாட் முறையில் 90 விழுக்காடு வரை தள்ளுபடியில் கிடைக்கின்றன; வேண்டும்போது அமேசான் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் கணக்கைத் திறந்து கொடுப்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. ஸ்பாட் கோட்டாவையும், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு ஓட்டலாம் என்ற வரம்பையும், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மாணவர் லாகினுக்குப் பெரும்பாலும் அந்த உரிமை இருப்பதில்லை.

கோட்டா விசிபியு (மெய்நிகர் செயலி) கணக்கில் வருகிறது, இயந்திர எண்ணிக்கையில் அல்ல. முழு விலையில் வாங்கும் ஆன்-டிமாண்டுக்கு வேறு, ஸ்பாட்டுக்கு வேறு. எம், சி, ஆர், டி முதலிய இயந்திரக் குடும்பங்கள் 'ஸ்டாண்டர்டு' என்று ஒன்றாகச் சேரும். ஜிபியூ (கிராஃபிக்ஸ் செயலி) உள்ள ஜி, பி வகைகளுக்குத் தனித்தனி வரம்பு. அதுவும் ரீஜன் (தரவு மையங்கள் உள்ள வட்டாரம்) வாரியாக. மும்பையில் வாங்கியது ஹைதராபாத்தில் செல்லாது.

புதுக் கணக்கில் ஸ்டாண்டர்டு ஸ்பாட்டுக்கு 5 விசிபியு, ஜிபியூ வகைகளுக்கு 0 என்பதுதான் தொடக்க அளவு. 4 விசிபியு உள்ள எம்5.எக்ஸ்லார்ஜ் ஒன்று ஏறினால் மிச்சம் 1. அதில் டி3.மைக்ரோகூட ஏறாது, அதற்கே 2 வேண்டும்.

ஜிபியூவில் இன்னொரு வில்லங்கம். ஜி4டிஎன்.எக்ஸ்லார்ஜிலும் ஜி4டிஎன்.4எக்ஸ்லார்ஜிலும் இருப்பது ஒரே ஒரு டி4 ஜிபியூ. முன்னதற்கு 4 விசிபியு, பின்னதற்கு 16. எட்டுப் பேருக்கு ஆளுக்கொன்று என்றால் 32 கேட்பதா, 128 கேட்பதா? பயிற்சிக்குச் சின்னதே போதும்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் கோட்டாவைக் கூட்டச் சொல்லி டிக்கெட் போடுவதும் நடக்கிறது. 'மேக்ஸ் ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் கவுண்ட் எக்சீடட்' என்று வந்தால் கோட்டாதான் சிக்கல். 'இன்சஃபிஷியன்ட் இன்ஸ்டன்ஸ் கெப்பாசிட்டி' என்றால் அமேசானிடமே அந்த நேரத்தில் இயந்திரம் இல்லை. கோட்டா 1,000 இருந்தாலும் பயனில்லை. ஸோனையோ (ரீஜனுக்குள் இருக்கும் தனித்தனித் தரவு மையத் தொகுதி) இயந்திர வகையையோ மாற்றிப் பார்க்க வேண்டும். வேலைகளை வரிசையில் போட்டு ஓட்டும் அமேசானின் பேட்ச் சேவையில் இந்தப் பிழை வேலையின் பக்கத்தில் எட்டிக்கூடப் பார்க்காமல் போகலாம். வேலை 'ரன்னபிள்' (ஓடத் தயார்) நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது, இயந்திரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் குழுவின் ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஓடுகிற இயந்திரங்கள் மட்டுமல்ல, நிறைவேறக் காத்திருக்கும் கோரிக்கைகளும் கோட்டாவைத் தின்னும். இயந்திரம் போனால் தானே மறுபடி கேட்கும் 'பெர்சிஸ்டன்ட்' கோரிக்கை என்றால் முதலில் கோரிக்கையை ரத்து செய்துவிட்டு, பிறகு இயந்திரத்தை 'டெர்மினேட்' (அடியோடு நீக்க) செய்யச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் புது இயந்திரம் மறுபடி எழுந்து நிற்கும்.

(கூகுள் கிளவுடில் கதை வேறு: ஸ்பாட்டுக்கென்று தனியாக உள்ள 'ப்ரீஎம்ப்டிபிள்' கோட்டா வாங்காதவரை ஸ்பாட் இயந்திரங்கள் வழக்கமான கோட்டாவிலிருந்தே கழியும்.)

ஆகவே, பருவம் தொடங்கச் சில வாரங்கள் முன்பே 'சர்வீஸ் கோட்டாஸ்' பக்கத்தில் சரியான ரீஜனைத் தேர்ந்து, 'ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்' என்று தேடி, வேண்டிய குடும்பத்துக்கு விண்ணப்பியுங்கள். ஜிபியூ என்றால் ஆள் பார்த்து அனுமதிக்கச் சில நாள் ஆகலாம். பயன்பாட்டை விளக்கமாக எழுதுங்கள். கணக்கை ஒப்படைக்கும் மின்னஞ்சலில் ரீஜன், குடும்பம், கிடைத்த விசிபியு மூன்றையும் குறிப்பிடுங்கள். இயந்திரத்தைத் திரும்ப எடுக்க 2 நிமிட முன்னறிவிப்புதான் உண்டு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளவுட் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்