காலால போட்ட கோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல நடைப்பயிற்சி பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். சுகருக்கு நல்லது, பிரஷருக்கு நல்லதுன்னு எழுதினதெல்லாம் சரிதான், அதுல எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்ல. ஆனா கடைசி பாராவுல, வெளிநாட்டுல சில ஓவியர்கள் நடக்கறதையே கலைன்னு சொல்றாங்க, நடந்து முடிச்சா கையில என்ன மிஞ்சும்னு கேட்டு ஒரே வரில தள்ளிட்டாரு கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த கடிதம். நான் நில அளவைத் துறையில சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன், செயின் இழுத்து, கல்லு தேடி, முள்ளு காட்டுல எல்லை பிடிச்சு நடந்தே குடும்பத்த காப்பாத்தினவன், அதனால இத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

ரிச்சர்ட் லாங்னு இங்கிலாந்துக்காரர், 1967ல லண்டன்ல படிச்சிட்டு இருந்த சின்ன பையன், வாட்டர்லூ ஸ்டேஷன்ல ரயில் ஏறி ஊருக்கு வெளிய ஒரு புல்வெளிக்கு போயி ஒரே நேர்கோட்டுல முன்னயும் பின்னயுமா நடந்துக்கிட்டே இருந்தாரு, புல்லு மடிஞ்சு வெயில்ல ஒரு கோடு தெரிய ஆரம்பிச்சதும் அத ஒரு போட்டோ எடுத்தாரு, அவ்வளவுதான் வேலை. அந்த போட்டோ இன்னைக்கு டேட் மியூசியத்துல இருக்கு. ஹேமிஷ் ஃபுல்டன்னு இன்னொருத்தர் 1973ல பிரிட்டனோட வடக்கு முனையில இருந்து தென்மேற்கு முனை வரைக்கும் நடந்தே போயிட்டு, இனிமே நடந்ததுல இருந்து பிறக்கறத தவிர வேற எந்த கலையும் செய்யறது இல்லைன்னு முடிவே பண்ணிட்டாரு.

இவங்க ரெண்டு பேரும் எனக்கு பிடிக்கும், ஆனா என்ன தூக்கிவாரிப் போட்டது ஃபிரான்சிஸ் அலிஸ் செஞ்ச வேலை. பெல்ஜியத்துக்காரர், ஆர்க்கிடெக்ட் படிப்பு படிச்சவர், 1980கள்ல மெக்சிகோ சிட்டிக்கு போயி அங்கயே தங்கிட்டாரு. 2004 ஜூன்ல இவரு ஜெருசலேம்ல ஒரு பெயிண்ட் டப்பாவுல ஓட்டை போட்டு கையில தூக்கிக்கிட்டு நடந்தாரு, பச்சை பெயிண்ட் சொட்டிக்கிட்டே வருது, ரோடு, மேடு, செக்போஸ்ட், பசங்க விளையாடற தெருன்னு எல்லா இடத்துலயும், மொத்தம் 24 கிலோமீட்டர், 58 லிட்டர் பெயிண்ட். எந்த வழியா நடந்தாருன்னா 1948ல அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த போர்ல சண்டை நிறுத்தம் வந்தப்ப இஸ்ரேல் தளபதி மோஷே தயான் மேப் மேல பச்சை பென்சில்ல கிழிச்ச கோடு இருக்கே, பச்சைக்கோடுன்னு உலகமே சொல்லுதே, அந்த வழியா.

இங்க ஒரு சர்வேயர் சொல்றத கொஞ்சம் கேளுங்க. அந்த மேப் 1:20,000 ஸ்கேல், அதாவது மேப்ல ஒரு மில்லிமீட்டர்னா தரையில 20 மீட்டர். தயான் பச்சையில போட்டாரு, எதிர்ப்பக்கம் ஜோர்டான் தளபதி அப்துல்லா அல்தல் சிவப்புல போட்டாரு, மெழுகு மாதிரி தடிமனான பென்சில், கோட்டோட அகலமே மூணு நாலு மில்லிமீட்டர் வருது. அத தரையில கொண்டு போயி வச்சா 60ல இருந்து 80 மீட்டர். அந்த 60, 80 மீட்டருக்குள்ள வீடு இருக்கு, தெரு இருக்கு, கிணறு இருக்கு, மனுஷங்க இருக்காங்க, அவங்க எந்த பக்கம்? நாங்க எஃப்எம்பி, அதாவது நில அளவு வரைபடம் வரையும்போது மேலதிகாரி பென்சில நல்லா சீவு, நல்லா சீவுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, ஏன்னா 1:2000 ஸ்கேல்ல அரை மில்லி தடிமன் ஆச்சுன்னா தரையில ஒரு மீட்டர் போச்சு, நம்ம ஊர்ல அந்த ஒரு மீட்டருக்கு அண்ணன் தம்பி ஹைகோர்ட் வரைக்கும் போவாங்க. ஒரு நகரத்தையே ரெண்டாக்கற கோட்ட அவ்வளவு தடிமனா போட்டிருக்காங்கன்னு நினைச்சா மனசு பதறுது.

அலிஸ் அத படிச்சு கட்டுரை எழுதல, மேடை ஏறி பேசல. நடந்தாரு. பெயிண்ட் கோடு ஒரு விரல் அகலம் கூட இருக்காது, ஆனா அது ஒரு வீட்டு வாசல ஒட்டி போகும்போது இந்த கோடு யாரு வாழ்க்கை மேல விழுந்துச்சுன்னு பாக்கறவங்களுக்கு புரிஞ்சு போகுது. அப்புறம் அந்த வீடியோவ இஸ்ரேல், பாலஸ்தீனம் ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் போட்டு காமிச்சு அவங்க என்ன பேசினாங்களோ அதையும் படத்தோட சேத்து வச்சிருக்காரு. அந்த பெயிண்ட் எப்பவோ அழிஞ்சிருக்கும், ஆனா கையில என்ன மிஞ்சுச்சுன்னு கட்டுரையாளர் கேட்டதுக்கு இதுதான் என் பதில்.

இது வெளிநாட்டுக்காரங்க சமாச்சாரம்னு விட்டுடாதீங்க சார். நான் இருக்கறது மேற்கு மாம்பலம். எங்க ஏரியால லேக் வியூ ரோடுன்னு ஒரு ரோடு இருக்கு, அங்க நின்னு பாத்தா லேக் எதுவும் தெரியாது. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா இருக்கு, டேங்க் பண்ட் ரோடு இருக்கு, தண்ணி இல்ல. நூறு வருஷத்துக்கு முந்தின மெட்ராஸ் மேப்ப எடுத்து பாருங்க, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கால நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமா ஒரு ஏரி கிடக்கும், லாங் டேங்க்னே பேரு, படகு விட்டிருக்காங்க அதுல. 1920கள்ல மாம்பலம் பக்கத்து தண்ணிய வடிச்சு தூர்த்து மனை போட்டதுதான் தி.நகர், இன்னைக்கு தீபாவளிக்கு நாம துணி எடுக்க முட்டி மோதற இடம் அந்த ஏரியோட வயிறு.

இத நான் புஸ்தகத்துல படிச்சது ஒரு பக்கம், நடந்து தெரிஞ்சுக்கிட்டது வேற பக்கம். வள்ளுவர் கோட்டத்துகிட்ட இருந்து மாம்பலம் கால்வாய ஒட்டின மாதிரியே தி.நகர் குறுக்கால நந்தனம் வரைக்கும் நடந்து பாருங்க, அங்கதான் கால்வாய் அடையாத்துல போயி சேருது. வண்டில போனா இது வெறும் நாத்தம் பிடிச்ச சாக்கடை, மூக்க பொத்திக்கிட்டு தாண்டிடுவோம். நடந்து போனா தரை எங்க இறங்குது எங்க ஏறுதுன்னு கெண்டைக்கால் சொல்லிடும், மழை நின்ன மறுநாள் போனீங்கன்னா எந்த தெருவுல தண்ணி இன்னும் நிக்குது, எந்த வீட்டு படி மட்டும் உயரமா கட்டியிருக்குன்னு பாத்தே பழைய ஏரி எங்க ஆழமா இருந்திருக்கும்னு ஓரளவு ஊகிச்சிடலாம். துரைசாமி சப்வே ஒவ்வொரு பெருமழைக்கும் ஏன் ரொம்புதுன்னு டிவில கேக்கறவங்கள ஒரு தடவை இந்த வழியில கூட்டிட்டு போகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. தண்ணி வழி மாறி வரல, அதோட பழைய வீட்டுக்குத்தான் வருது.

என் பேத்தி ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கறா, அவகிட்ட இத சொன்னப்ப அவதான் ஜேனட் கார்டிஃப் பத்தி சொன்னா. கனடாக்காரம்மா, 1999ல லண்டன்ல வைட்சேப்பல் லைப்ரரில ஆரம்பிச்சு தெரு தெருவா போற மாதிரி ஒரு ஒலி நடை செஞ்சிருக்காங்க, ஹெட்போன் மாட்டிக்கிட்டு அந்தம்மா குரல் சொல்ற பக்கம் திரும்பி நாம நடக்கணும், அவங்க காலடி சத்தம் நம்ம காதுல கூடவே வரும், அந்த சத்தத்தோட நம்ம நடையும் தானா சேந்துக்கும். அத கேட்டதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. மாம்பலம் பக்கம் ஏரி இருந்தப்ப பாத்தவங்க இப்ப யாரும் இருக்க வாய்ப்பில்ல, ஆனா அவங்க சொல்ல கேட்ட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க இன்னும் கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டையில இருக்காங்க, அவங்களுக்கும் வயசாயிட்டு இருக்கு.

அதனால என் வேண்டுகோள் இதுதான். உங்க பத்திரிகையில ஒரு பக்கம் ஒதுக்கி பழைய லாங் டேங்க் கரைய இன்னைய ரோடு மேப் மேல போட்டு அச்சடிங்க, வாசகர்கள் அத கையில வச்சுக்கிட்டு நடக்கட்டும், அந்த வழியில அவங்கவங்க வீட்டு பெரியவங்க சொன்ன கதைய போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பட்டும், நல்லதா இருக்கறத இடத்துக்கு இடம் கேக்கற மாதிரி கோர்த்து குடுக்க ஓவிய கல்லூரி பசங்க கண்டிப்பா முன்வருவாங்க. பழைய மேப்ப இன்னைய மேப்போட ஸ்கேல் பொருத்தற வேலைய காசு வாங்காம நானே செஞ்சு தர்றேன், அந்த வேலை எனக்கு தெரியும். கட்டுரை எழுதின தம்பியும் வரணும்னு ஆசைப்படறேன், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வெயிலுக்கு முன்னாடி வள்ளுவர் கோட்டத்துல இருந்து கிளம்பிடலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை