வரி போய்விட்டது, பதிவு போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், குறுங்குழல் ரைஃபிள்களை (குழல் குட்டையான நீள்துப்பாக்கிகளை) டெக்சஸில் இனி யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்த மாநிலத்தில் நெடுங்காலமாக வசிப்பவன், சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற முறையில், அந்த வாக்கியத்தை நம்பி யாரேனும் நடந்துகொண்டால் சிறை வரை போக நேரிடும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலிலிருந்து குறுங்குழல் துப்பாக்கிகளை டெக்சஸ் 2025 செப்டம்பர் 1 முதல் நீக்கிவிட்டது. அடுத்து, இவற்றைச் செய்யவும் கைமாற்றவும் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் கதவு முழுவதும் திறந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் 1934-ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டம் அப்படியே இருக்கிறது. ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. ஒன்று குறைந்தாலும் விரல்ரேகை, புகைப்படத்துடன் விண்ணப்பித்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே குழலை வெட்ட வேண்டும். மீறினால் பத்தாண்டு வரை சிறை. மாநிலம் தன் பட்டியலிலிருந்து நீக்கியதால் கூட்டாட்சிக் குற்றம் குற்றமில்லை என்றாகிவிடாது.

அளக்கும் முறையைக் கேட்டால் இந்தச் சட்டம் எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். வெடியுறை ஏதும் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலின் பின்பக்க அடைப்பை மூடி, குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமாக ஒரு மெல்லிய குச்சியை அது முட்டி நிற்கும் வரை விடுவார்கள். குழல் முடியும் இடத்தில் குச்சியில் கோடு கிழித்து, வெளியே இழுத்து, அளவுநாடா வைப்பார்கள். வாயில் திருகி மாட்டிய உதிரி உறுப்பு கணக்கில் சேராது, நிரந்தரமாகப் பற்றவைத்தது சேரும். கால் அங்குலத்தில் ஒரு பொருளின் சட்டநிலையே மாறிவிடுகிறது.

இதில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. அந்தச் சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன; நீளமான துப்பாக்கியை வெட்டிச் சட்டைக்குள் மறைத்து அந்தக் கட்டுப்பாட்டை ஏய்க்கக்கூடாது என்பதற்காகவே குறுங்குழல் விதி சேர்க்கப்பட்டது. பின்னர் கைத்துப்பாக்கியை நீக்கினார்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள். காவலுக்கு வைத்த வேலி நிற்கிறது, பயிர்தான் இல்லை. அந்த 200 டாலரும் அன்றைக்குச் சாமானியன் கட்டக்கூடிய தொகையன்று. தடுப்பதற்கென்றே வைத்த வரி அது.

கட்டுரை தொடாமலே விட்ட இன்னொன்று, மாநில எல்லை. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 33215-ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, இவ்வகைத் துப்பாக்கியை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது; நியூயார்க், நியூஜெர்சியிலும் தடைதான். வாஷிங்டன் மாநிலமோ 2014-இல், கூட்டாட்சிப் பதிவு இருந்தால் போதும் என்று இறங்கிவந்தது. டெக்சஸில் முறைப்படி பதிவு செய்த துப்பாக்கியை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துச் செல்வதற்கும், மது, புகையிலை, சுடுகலன்கள், வெடிபொருள்கள் பணியகத்தின் முன்அனுமதி வேண்டும். என் நண்பர் ஒருவர் வேலை மாற்றலாகிக் கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்குக் கிளம்பியபோது, வீட்டுச் சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே தம்முடைய ரைஃபிளை இங்கேயே இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்.

தங்கள் இதழைப் படிக்கும் தமிழர்களில் எச்1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் பலர். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் அவர்கள் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை, குழல் எத்தனை அங்குலமாக இருந்தாலும் சரி. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டாலஸ், டெக்சஸ்