சிட்னி வேண்டாம், பெர்த் போவோம்

திருச்சி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் பிடிமானம் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் பாதிக் கவலை போய்விட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வரும் உத்தியோகம் இப்போது எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியா போய்விட்டு சிட்னி ஓபரா ஹவுஸ் பார்க்காமல் வந்தால் ஊரில் சிரிக்க மாட்டார்களா என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும். இந்த வயதில் நாம் பட்டியல் போட்டு ஊர் பார்த்து யாரிடம் காட்டப் போகிறோம்? எனக்கு வேண்டியது நல்ல வெயில், அவசரமில்லாத ஒரு ஊர், பேச்சுத் துணைக்கு நீ. அதற்கு மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்தான் சரி.

பெர்த்துக்கு அக்கம்பக்கம் என்று எதுவும் கிடையாது. அடுத்த பெரிய நகரம் அடிலெய்டு, அதுவே 2,100 கிலோமீட்டருக்கு மேல். சிட்னியைவிட ஜகார்த்தா கிட்டம் என்றால் பார்த்துக்கொள். 1962-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றியபோது, ராத்திரி பெர்த்துக்கு மேலே வரும் நேரம் பார்த்து ஊர் ஜனங்கள் வீட்டு விளக்கையெல்லாம் போட்டு வைத்தார்களாம். அவரும் மேலேயிருந்தே நன்றி சொன்னார். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் இந்த ஒரு ஊர். அந்தக் கதையைப் படித்ததிலிருந்தே அங்கே போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

மாதம் செப்டம்பர். ஜனவரியில் அங்கே கொளுத்தும் கோடை, சில நாள் 40 டிகிரி. அதை அனுபவிக்க விசா எதற்கு, தில்லைநகரில் சும்மாவே கிடைக்கிறதே. செப்டம்பரில் வசந்தம், காட்டுப்பூக்கள் பூக்கும் காலம். ஊருக்கு நடுவிலேயே கிங்ஸ் பார்க், 400 ஹெக்டேர், பாதிக்கு மேல் இயற்கையான புதர்க்காடு. அங்கே ஒரு போவாப் மரம் இருக்கிறது, பீப்பாய் மாதிரி பெருத்த அடிமரம். வடக்கே கிம்பர்லியில் நெடுஞ்சாலைப் பாலம் கட்ட அது இடைஞ்சலாக இருந்தது. வெட்டிப் போடாமல் வேரோடு பெயர்த்து லாரியில் படுக்கவைத்து 3,200 கிலோமீட்டர் கொண்டுவந்து 2008-இல் நட்டார்கள். வயது 750 இருக்கும் என்கிறார்கள். நம் ஊரில் நாற்கரச் சாலைக்காகப் புளியமரங்களைச் சாய்த்தது ஞாபகம் வந்து கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சாயங்காலங்களைக் காட்டஸ்லோ கடற்கரைக்கு என்று வைத்துவிடலாம். மெரினாவிலும் வேளாங்கண்ணியிலும் சூரியன் கடலில் உதித்துத்தானே பார்த்திருக்கிறோம். அங்கே கடலுக்குள் இறங்கும். தண்ணீர் அந்த மாதத்தில் ஜில்லென்று இருக்கும், காலை நனைத்தால் போதும். கிரிக்கெட் வர்ணனையில் 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்பார்களே, மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து வரும் காற்று, அது கோடைக்காரர். செப்டம்பரில் அவ்வளவாகத் தலைகாட்ட மாட்டார். பரவாயில்லை, 1992-இல் 18 வயசுப் பையன் சச்சின் 114 அடித்த வாக்கா மைதானத்தையாவது பார்த்துவிட்டு வருவோம்.

ராட்னெஸ்ட் தீவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். பெர்த்தின் துறைமுகமான ஃப்ரீமாண்டிலிலிருந்து படகு. தீவில் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை, சைக்கிள்தான். உன் மூட்டுக்குச் சுற்றுப் பேருந்து இருக்கிறது, பயப்படாதே. குவாக்கா என்று பூனை அளவில் ஒரு பிராணி, கங்காரு ஜாதி, எப்போதும் சிரித்த முகம். எல்லோரும் அதோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் போகிறார்கள். ஆனால் அதே தீவில் 1838 முதல் பல பத்தாண்டுகள் பூர்வகுடி ஆண்களையும் சிறுவர்களையும் சிறை வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே செத்துப் புதைக்கப்பட்டார்கள். அந்தச் சிறைக் கட்டடத்தைப் பின்னால் பயணிகள் விடுதியாக்கி 2018 வரை வாடகைக்கு விட்டதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. நாம் முதலில் அந்தப் புதைகுழி நிலத்துக்குப் போய் நின்றுவிட்டு அப்புறம் குவாக்காவைப் பார்ப்போம்.

வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் பினக்கிள்ஸ். மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புப் பாறைத் தூண்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நானே ஓட்டுவேன். ஒரே நிபந்தனை, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும்.

டிக்கெட் சிங்கப்பூர் வழியாகப் பார்க்கிறேன். அங்கிருந்து ஐந்து மணி நேரம்தான், கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். நகர மையத்தில் பேருந்து இலவசம். அதனால் அறையை மட்டும் மையத்திலேயே எடுத்துக்கொள்வோம், வாடகை கொஞ்சம் கூடினாலும்.

உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது. இருவருக்கும் தோதான தேதியைத் தங்கச்சியிடம் கேட்டுச் சொல். உன்னிடம் கேட்டால் யோசித்துக்கொண்டே இருப்பாய்.

அன்புடன்,
சுந்தரம்

பி.கு.: தங்கச்சி பருப்புப்பொடி கட்டுவாள் என்று தெரியும். கட்டட்டும், ஆனால் விமானத்தில் தரும் அட்டையில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம் தீட்டிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம்.