அழகுக்குச் சேர்த்த பூச்சியம்

தம்பி,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லேப் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2.50 கிராம் உப்பு, அதை ஒரு மோல் உப்பின் எடையான 58.44-ஆல் வகுத்து 0.042778918 மோல் என்று எழுதியிருக்கிறாய், பக்கத்தில் சிவப்பு மையில் எஸ்.எஃப். (முக்கிய இலக்கங்கள்) தப்பு என்று குறிப்பு. "விடை சரிதானேப்பா, எதுக்கு மார்க்கைக் குறைக்கணும்?" என்கிறாய். குறைத்தது சரிதான்டா. நான் ஓ லெவல் கெமிஸ்ட்ரியில் சி6 வாங்கினவன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு 26 வருஷ அனுபவம் இருக்கிறது.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நகைக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிது. பின்னறைத் தராசு ஒரு தசம இடம்தான் காட்டும், முன்னால் இருப்பது இரண்டு காட்டும். தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் நிற்க இடமில்லை, ஒரு சங்கிலியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தேன், 15.9 என்றது, பில்லில் மற்றதெல்லாம் இரண்டு இலக்கமாக இருக்கிறதே என்று அழகுக்கு ஒரு பூச்சியம் போட்டு 15.90 என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா வேறு கடையில் நிறுத்துப் பார்த்தால் 15.86! மறுநாள் வந்து போட்ட சத்தம் தேக்கா மார்க்கெட் வரை கேட்டிருக்கும். தராசின் மேல் தப்பில்லை, 15.86-ஐ அது 15.9 என்றுதான் காட்டும். அந்தப் பூச்சியம்தான் பொய், அதைப் போட்டது நான்.

நீ போட்டதும் அதே வேலைதான், என்ன, உனக்குக் கால்குலேட்டர் போட்டுக் கொடுத்தது. உன் தராசு மூன்று இலக்கம்தான் பார்த்தது, அதனால் 0.0428. முன்னால் நிற்கும் பூச்சியங்கள் இடம் பிடிக்க நிற்பவை, அவற்றை எண்ணாதே. அப்புறம், கணக்கின் நடுவே வெட்டிக்கொண்டே போகாதே, முழுசாக வைத்துக்கொண்டு கடைசியில் சுருக்கு. கூட்டலுக்கு விதி வேறு, அங்கே தசம இடத்தைப் பார்க்க வேண்டும்: 16.02 கிராம் சங்கிலியோடு 1.3 கிராம் பதக்கத்தைச் சேர்த்தால் 17.3, அவ்வளவுதான்.

மோல் தலைக்குள் போகவில்லை என்றாயே, ஜேசியில் (ஜூனியர் காலேஜில்) படித்ததை இரண்டு வருஷ தேசிய சேவை துடைத்துவிட்டது போல. பாட்டி வெற்றிலை வாங்குவாரே, ஒரு கவுளி என்றால் நம் வீட்டுக் கணக்கில் 100. கொழுந்து வெற்றிலைக் கவுளி லேசாக இருக்கும், முற்றின இலைக் கவுளி கனக்கும், இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான். மோலும் ஒரு கவுளிதான், ஆனால் 100-க்குப் பதில் 6.02214076 × 10²³, இதுதான் அவகாட்ரோ எண். கார்பன் கவுளி 12 கிராம், தண்ணீர்க் கவுளி 18, தங்கக் கவுளி 197. யாராலும் உட்கார்ந்து எண்ண முடியாது, அதனால் நிறுத்து எண்ணுகிறோம். முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுவோ அதுதான் மோல் என்று வைத்திருந்தார்கள், 2019 மே 20 முதல் அந்த எண்ணையே அப்படியே நிலையாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே அவகாட்ரோ எண்ணால் உன் இலக்கம் குறையாது, குறைவதெல்லாம் தராசால்தான்.

உன் அம்மாவின் தோட்டை எடுத்துக்கொள், இரண்டும் சேர்ந்து 2.00 கிராம், 916 தங்கம், அதாவது 22 காரட். (22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666 என்று போய்க்கொண்டே இருக்கும், ஒழுங்காகச் சுருக்கினால் 917 அல்லவா? எங்கள் தொழிலில் வெட்டிவிட்டு 916 என்றே முத்திரை அடிக்கிறோம், இதை உன் லெக்சரரிடம் சொல்லிவைக்காதே.) அப்போது சுத்தத் தங்கம் 1.83 கிராம், 0.00930 மோல், அணுக்கள் 5.60 × 10²¹. இந்த 0.00930-இல் கடைசிப் பூச்சியத்தை விட்டுவிடாதே, அது அழகுக்கு வந்ததில்லை, நம் தராசு பார்த்துச் சொன்னது.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். எண்ணி 40 போட்டாளாம். எண்ணியதற்கு எஸ்.எஃப். கிடையாது, குறைந்தால் உன் ரூம்மேட்டைக் கேள்.

அப்பா