பிள்ளையின் பல்லும் அரசுக் காப்பீட்டு அட்டையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பாடத்திட்டமும் தேர்வுத் தேதிகளும் வகுப்பாசிரியர்களிடமிருந்து தனியாக வரும். இந்தக் கடிதம் பல்லைப் பற்றியது. இணையவழித் தமிழ்ப் பள்ளிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

பல்வலி என்று விடுப்புக் கேட்கும் பெற்றோரிடம் "பல் மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று விசாரித்தால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எங்கள் காப்பீட்டில் பல் வராதே சார்." நம் பள்ளிக் குடும்பங்கள் பல நாடுகளில் இருக்கின்றன, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. ஆனாலும் இந்தப் பதில் எல்லா இடத்திலிருந்தும் வருகிறது. அதில் பாதிதான் உண்மை. பெரியவர்களின் பல்லை அரசுக் காப்பீடு பல நாடுகளில் வெளியே நிறுத்திவிடுகிறது, அல்லது அரைகுறையாகச் சேர்க்கிறது. அதே நாடுகளில் பெரும்பாலானவை பிள்ளைகளின் பல்லுக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. அப்பாவின் பல்லுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள் என்பதற்காக மகளின் பல்லுக்கும் கட்ட வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பிள்ளைக்குரிய அந்த ஏற்பாட்டுக்கு வயது வரம்பு உண்டு. கடந்துபோனால் போனதுதான்.

பல்லை மட்டும் ஏன் இப்படி ஒதுக்கினார்கள்? பல் மருத்துவம் தொடக்கத்திலிருந்தே தனிக் குடித்தனமாக வளர்ந்த துறை. 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கென்றே ஒரு கல்லூரி, மருத்துவக் கல்லூரிகளோடு சேராமல் தொடங்கப்பட்டது. படிப்பும் உரிமமும் தனியாகப் பிரிந்த பிறகு காப்பீடும் தனியாகப் போனதில் வியப்பில்லை. பிரிட்டன் 1948-இல் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸைத் தொடங்கியபோது பல் மருத்துவத்தையும் இலவசமாகவே சேர்த்தது. பல் செட் கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 1951-இல் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் கொண்டுவந்தார்கள். அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார் என்பதிலிருந்து அது எவ்வளவு பெரிய சண்டை என்று புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் 1965-இல் முதியோருக்காக வந்த மெடிகேர் சட்டம் பல் சிகிச்சையை ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டது. கனடாவின் 1984 சுகாதாரச் சட்டம், மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய முடியும் என்ற அளவிலான பல் அறுவை சிகிச்சையை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் அவரவர் பாடு. இத்தனைக்கும் உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய், பல் தொடர்பான நோய் இருப்பதாகவும், சுமார் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை இருப்பதாகவும் சொல்கிறது.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், முழுநேரமாகப் படிக்கிறவர்கள் என்றால் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் என்.எச்.எஸ் பல் சிகிச்சை இலவசம். ஸ்காட்லாந்தில் 2021 முதல் 26 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் இலவசம். அதாவது கல்லூரிக்குப் போன அண்ணனுக்கும் அக்காவுக்கும்கூட. நார்வேயில் 18 வயது வரை அரசு பல் மருத்துவச் சேவை பார்த்துக்கொள்கிறது. பிரான்சில் 2025 முதல் 3 வயதிலிருந்து 24 வயது வரை ஆண்டுக்கு ஒரு பரிசோதனையைக் காப்பீடே ஏற்கிறது. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு கிடைக்கும் குடும்பங்களில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல் சிகிச்சை சட்டப்படி கட்டாயம். பெற்றோருக்கு உண்டா இல்லையா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். ஒரே வீட்டில், ஒரே திட்டத்தில், பிள்ளைக்கு உண்டு, தாய்க்கு இல்லை என்ற நிலை வருவது இப்படித்தான்.

சில நாடுகளில் பிள்ளை என்பது மட்டும் போதாது, குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2014 முதல் நடக்கும் குழந்தைகள் பல் நலத் திட்டம், குறிப்பிட்ட அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களின் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதில் ஒரு நுணுக்கம்: உச்சவரம்புத் தொகை இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மிச்சம் இருந்தால் அடுத்த இரண்டு ஆண்டுக்கு வராது. கனடாவின் புதிய பல் மருத்துவத் திட்டம், வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்து, தனியார் பல் காப்பீடு கிடைக்கும் வழியும் இல்லாத குடும்பங்களுக்கானது. 2024 ஜூனில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் அதில் சேர முடியாது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பல்லுக்கும் வரிக் கணக்குக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? அதனால்தான் எழுதுகிறேன்.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் கட்டாய அடிப்படைக் காப்பீடு, பிள்ளைகளானாலும், சாதாரணச் சொத்தைக்குப் பணம் தராது. தாடையையோ மெல்லும் உறுப்புகளையோ பாதிக்கும் கடுமையான நோயாக இருந்தால்தான் தரும். அங்கே பிள்ளைகளுக்கான உதவி உள்ளூராட்சியும் பள்ளியும் நடத்தும் பல் மருத்துவச் சேவை வழியாக வருகிறது. எனவே அங்குள்ள பெற்றோர் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்பதைவிட, பிள்ளை பகலில் படிக்கும் பள்ளியைக் கேட்பது பயனுள்ளது. இந்தியாவில் அரசுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கானது. சொத்தைக்கு அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு நேரே போவதுதான் வழி. ஆர்.பி.எஸ்.கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்க்கும் பட்டியலில் பல்லும் உண்டு. அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டைப் புத்தகப் பையிலேயே மடங்கிக் கிடக்க விடாதீர்கள்.

பல் காப்பீட்டில் இருக்கிறது என்றால் எதெல்லாம் இருக்கிறது? பரிசோதனை, எக்ஸ்ரே, சொத்தையை அடைப்பது, பல் பிடுங்குவது ஆகியவை பெரும்பாலும் இருக்கும். பல்லை வெள்ளையாக்குவது இருக்காது. நடுவில் இருப்பவற்றில்தான் தகராறு, அதிலும் முக்கியமாகக் கிளிப் போடுவதில். பிள்ளைக்குப் பல் வரிசை கோணலாக இருக்கிறது, கிளிப் போட வேண்டும் என்று போனால், "பார்க்க நன்றாக இல்லை" என்பது அங்கே காரணமாக எடுபடாது. எவ்வளவு கோணல் என்று அளக்க அவர்களிடம் அளவுகோல் இருக்கிறது. இங்கிலாந்தில் ஐந்து படிநிலைகள்; 4, 5 என்றால் என்.எச்.எஸ் ஏற்கும், 3 என்றால் தோற்றத்துக்கான இன்னொரு அளவையும் பார்ப்பார்கள், அதற்குக் கீழே என்றால் சொந்தச் செலவு. ஜெர்மனியிலும் ஐந்து படிநிலைதான். 3 முதல் காப்பீடு ஏற்கிறது, பொதுவாக 18 வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். சிகிச்சை நடக்கும்போது 20 சதவீதத்தைப் பெற்றோர் கட்டி வர வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டாவது பிள்ளைக்கும் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு 10 சதவீதம். திட்டமிட்டபடி சிகிச்சை முழுமையாக முடிந்ததும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் கிடைக்காது. ஆக, ஒவ்வொரு ரசீதையும் கடைசி வரை வைத்திருங்கள். ஆஸ்திரேலியத் திட்டத்தில் கிளிப்புக்கு இடமே இல்லை. நார்வேயில் இலவசம் இல்லை, கோணலின் கடுமையைப் பொறுத்து ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பதினேழரை வயதில் வந்து கேட்பதைவிடப் பன்னிரண்டு வயதில் கேட்பது நல்லது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கிளிப்பைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு யாரும் கேட்காத ஒரு பல் இருக்கிறது. சுமார் ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை சுலபமாகப் பிடிக்கும். அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். ஊசி கிடையாது, வலியும் இல்லை. ஜெர்மனியில் 6 முதல் 17 வயது வரை பெரிய கடைவாய்ப்பற்களுக்கு இந்தப் பூச்சைக் காப்பீடு ஏற்கிறது. ஆஸ்திரேலியத் திட்டத்திலும் உண்டு. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அடுத்த பரிசோதனையின்போது வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் பேச்சே வராமல் போகலாம். பால்பல்தானே என்ற அலட்சியமும் சரியில்லை. அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பால்பல்தான். அதில் பிடித்த சொத்தை வேர்வரை போனால் வலியும் சீழும் காய்ச்சலும் பெரியவர்களுக்கு வருவது போலவே வரும்.

விபத்து வேறு கணக்கு. விளையாடும்போது பல் உடைந்தால் அது பல் காப்பீட்டில் வராமல் விபத்துக் காப்பீட்டில் வரலாம். ஜெர்மனியில் பள்ளியிலோ பள்ளிக்குப் போகும் வழியிலோ அடிபட்டால் சட்டப்படியான விபத்துக் காப்பீடு பொறுப்பேற்கும். எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று அன்றைக்கே பள்ளியில் எழுதி வாங்கிவிடுங்கள். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, முடிந்தால் அதே இடத்தில் செருகி, முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். பால்பல் என்றால் திரும்பச் செருக வேண்டாம். நான் மருத்துவன் இல்லை, ஆனால் இதைத் தெரிந்துகொள்ள மருத்துவனாக இருக்கத் தேவையில்லை.

நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் வரவேற்பு மேசையிலேயே கேட்க வேண்டியவை சில. இந்த மருத்துவர் அரசுத் திட்டத்தில் நோயாளிகளை எடுக்கிறாரா? பலகை தொங்குவதை வைத்து முடிவு செய்ய முடியாது. இங்கிலாந்தில் போன தடவை பார்த்த மருத்துவர் இந்தத் தடவையும் என்.எச்.எஸ்ஸில் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2006-க்குப் பிறகு நிரந்தரப் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. அப்புறம், திட்டம் தரும் தொகைக்கும் அவர் வாங்கும் தொகைக்கும் வித்தியாசம் உண்டா என்று கேளுங்கள். கனடாவின் திட்டத்தில் அந்த வித்தியாசத்தை நோயாளி கட்ட நேரலாம். முன் அனுமதி வாங்க வேண்டிய சிகிச்சையா என்பதும் முக்கியம், ஏனென்றால் வேலை முடிந்த பிறகு அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். மொழி தடுமாறினால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். வலியோடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளை, தன் சிகிச்சைக்கு ஆகும் செலவைத் தாயிடம் மொழிபெயர்த்துச் சொல்வது அதற்கு நியாயமான வேலை இல்லை. பல நாடுகளில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருவார்கள்.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. 12 வயதிலிருந்து பிள்ளைக்கு போனஸ் குறிப்பேடு உண்டு. 18 வயது வரை அரையாண்டுக்கு ஒரு பரிசோதனை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று விடாமல் பதிவு இருந்தால், பிற்காலத்தில் கிரௌனோ (பல்லின் மேல் போடும் உறை) பல் செட்டோ தேவைப்படும்போது காப்பீடு தரும் நிலையான மானியம் 60 சதவீதத்திலிருந்து, ஐந்து ஆண்டுப் பதிவுக்கு 70 ஆகவும் பத்து ஆண்டுக்கு 75 ஆகவும் உயரும். இது மொத்தச் செலவில் சதவீதம் இல்லை, அந்தப் பிரச்சினைக்கு என்று வகுத்திருக்கும் வழக்கமான சிகிச்சைச் செலவில் சதவீதம். இதைக் குழப்பிக்கொண்டு பிறகு பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

கருவுற்றிருக்கும் தாய்மாரும், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் குழந்தை பெற்றவர்களும் இங்கிலாந்தில் என்.எச்.எஸ் பல் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். அதற்கான சான்றிதழை மருத்துவச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தம்பி, தங்கை வரப்போகிற வீடுகள் இதைக் கவனியுங்கள்.

பல் மருத்துவரிடம் நேரம் கிடைப்பது எங்கும் பெரும்பாடாக இருக்கிறது. நம் வகுப்பு நேரத்தில்தான் கிடைத்தது என்றால் தள்ளிப்போட வேண்டாம், போய்விட்டு வாருங்கள். விடுப்புக் கடிதம் தேவையில்லை, வகுப்பாசிரியருக்கு ஒரு வரிச் செய்தி போதும். அன்றைய பாடத்தின் ஒலிப்பதிவை மாலைக்குள் அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறேன். மரப்பு ஊசி போட்ட அன்று வாசிப்புப் பயிற்சி வேண்டாம். எழுத்து வேலை மட்டும் போதும் என்று ஆசிரியர்களிடமும் பேசிவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்