கண்ணாடிக்குள் எதை வைப்பது? கொழும்புப் பழம்பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் பழம்பொருள் கடை நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன கிழமை பின்னேரம் 4 மணி போல காலி வீதியில் நடந்து வந்தேன். கடலுக்கு எதிரே, தரைப்பக்கமாக இருந்த கடை ஒன்றின் முன் கண்ணாடிக்குள் ஓர் ஏட்டுக்கட்டு இருந்தது. கயிற்றை அவிழ்த்து, ஏடுகளை விசிறி மாதிரி விரித்து, மேலே ஒரு ஸ்பொட் லைட்டும் போட்டிருந்தார்கள். கடலைப் பார்த்த கடை என்பதால் அந்த நேரத்து வெயில் வீதியைத் தாண்டி நேராக அதன் மேலேயே விழுந்தது. மேலேயிருந்த ஏட்டின் நுனி சுருண்டு, சாயத் தேத்தண்ணியின் நிறத்துக்குப் போயிருந்தது. அதன் நிழலில் கிடந்த அடுத்த ஏட்டின் பாதி மட்டும் இன்னும் வைக்கோல் நிறத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போல ஓர் எல்லை. குனிந்து பார்த்தேன், எழுத்து தமிழ். சுக்கு, திப்பிலி என்ற இரண்டு சொற்களை வாசிக்க முடிந்தது. நாட்டு வைத்தியம் பார்த்த யாரோ ஒரு பரியாரியார் வீட்டு ஏடு.

உள்ளே போய், "தம்பி, இதை உள்ளுக்கு எடுத்து வைக்கலாமே?" என்று கேட்டேன். கடைப் பொடியன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "அதைப் பார்த்துத்தான் ஆக்கள் உள்ளுக்கு வருகினம் அங்கிள். சவூதியில, டுபாயில எல்லாம் இப்படித்தான் வைக்கினம். முதலாளி போட்டோ காட்டினவர்."

அந்தப் போட்டோவுக்காகத்தான் இந்த மடல். ரியாத்தில் ஒரு பழம்பொருள் கடையில் 11 வருஷம் வேலை செய்தேன். அதில் கடைசி 7 வருஷம் முன் கண்ணாடியை அலங்கரிப்பது முழுக்க என் பொறுப்பு. அங்கே எதை, எந்த நேரத்துக்கு, ஏன் முன்னுக்கு வைக்கிறார்கள் என்பது போட்டோவில் தெரியாது.

முதலில் நேரம். மஸ்மக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸூக் அல்-ஸல் போன்ற சந்தைகளில், கோடையில் மத்தியானம் கடை பூட்டியிருக்கும். வெளியே 43, 44 பாகை வெயில். ஷட்டர் இறங்கியிருப்பதால் கண்ணாடிக்குள் வெளிச்சமே இல்லை. சனம் வருவது பொழுதுபட்ட பிறகு. அந்த ஊர் அலங்காரம் இரவுக்கானது, மின்விளக்குக்கானது. எங்கள் கடைகள் காலையில் திறந்து பின்னேரம் பூட்டுகிறவை. வியாபாரம் சூடு பிடிக்கிற அதே நேரத்தில்தான் கடலைப் பார்த்த கடைக்குள் வெயில் நுழைகிறது.

அடுத்தது சாமான். அங்கே கண்ணாடிக்குள் நான் வைத்தவை பித்தளைக் கோப்பிக் குடங்கள், மண் சாம்பிராணிச் சட்டிகள், கல் உரல்கள், ரியாத் இருக்கிற நஜ்துப் பகுதியின் சாயம் தீட்டிய வீட்டுக் கதவுகள். அந்தக் கதவுகள் அந்த மண்ணிலேயே வளர்ந்த அதல் மரத்தில் செய்தவை. பிறந்ததிலிருந்து வறண்ட காற்றில் நின்றவை. இனி இழக்க அவற்றில் ஈரம் இல்லை. பித்தளையும் அப்படித்தான். ஒரு தடவை மினுக்கினால் மாதக் கணக்கில் பளபளக்கும், ஏனென்றால் காற்றில் ஈரமும் இல்லை, உப்பும் இல்லை. அதே பித்தளைச் செம்பை வெள்ளவத்தையில் கடற்காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள், சில கிழமையில் மங்கி, பிறகு பச்சைப் புள்ளி விழும். அதைத் திரும்பத் திரும்பப் புளியும் பொலிஷும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க வேலைப்பாடே தேய்ந்துவிடும்.

நான் கற்றுக்கொண்டது, ஒரு சேதத்தைப் பார்த்துத்தான். ஒரு வருஷம் இலங்கையிலிருந்து ஒரு பலா மர அலுமாரி வந்தது. அழகான சாமான், தேன் நிறம். ஊர்ச் சாமான் என்ற பெருமையில் நானே அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மூன்றாவது கிழமை இரவு, கடை பூட்டுகிற நேரத்தில், துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம். இடது கதவின் பலகை மேலிருந்து கீழ் வரை பிளந்திருந்தது. விரல் நுனி நுழையும்.

கொழும்புக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். இங்கே நின்ற மரம் தன் எடையில் 14 சதவீதம் போலத் தண்ணீர் வைத்திருக்கும். ரியாத்தின் கோடைப் பகலில் ஈரப்பதம் 10, 15 தான். அந்தக் காற்றில் மரம் 3, 4 சதவீதத்துக்கு இறங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை இதில் அரை சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது, அகலத்தில்தான் இழுக்கும். முந்திய வருஷங்களில் வந்த சாமான் தப்பியதற்குக் காரணம், அப்போது கடையில் இருந்தது ஈரமான தட்டிகளின் ஊடாகக் காற்றை இழுத்து வீசுகிற கூலர். அது அறைக்குள் ஈரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த வருஷம்தான் அதைக் கழற்றிவிட்டு ஏசி போட்டிருந்தோம்.

இன்னொரு காரணம் கொழும்பிலேயே நடந்தது. அந்தக் காலத்துத் தச்சர் கதவுச் சட்டத்தில் காடி வெட்டி, பலகையைப் பசை போடாமல் உள்ளே சும்மா நிறுத்தியிருப்பார். பலகை சுருங்கலாம், விரியலாம், சட்டம் தடுக்காது. பிளந்த கதவைக் கழற்றிப் பார்த்தபோது காடி முழுக்கப் புதுப் பசை. ஏதோ ஒரு பட்டறையில், ஆடுகிறதே என்று ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தச்சர் எத்தனையோ மழைக்காலத்தையும் வெயில் காலத்தையும் யோசித்து விட்டுவைத்த இடைவெளியை நாங்கள் ஒரு போத்தல் பசையால் அடைத்துவிட்டோம். தயவுசெய்து ஆடுகிற பலகையை ஒட்டாதீர்கள். வளைகுடாவுக்கு அனுப்புகிற சாமான் என்றால் வாங்குபவரிடம் நேராகச் சொல்லுங்கள்: வந்தவுடன் ஏசிக்கு முன்னாலோ கண்ணாடிக்கு முன்னாலோ நிறுத்த வேண்டாம், உள் அறையில் சில மாதம் மெதுவாகக் காய விடுங்கள் என்று.

சரி, கொழும்பில் கண்ணாடிக்குள் எதை வைப்பது? பீங்கான், கண்ணாடிச் சாமான், கல், சுட்ட மண், பெரிய மெருகுச் சாடிகள். வெயில் இவற்றின் நிறத்தை எடுக்காது, ஈரம் இவற்றை அரிக்காது. ஒரு நீலப்பூப் பீங்கான் தட்டத்தைத் தனியாக, கறுப்புத் துணிக்கு முன்னால், நடந்து போகிறவரின் கண் மட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். 20 சாமானை அடுக்கியதை விட அது கூடுதலாக ஆளை நிறுத்தும். முதிரை, கருங்காலி, தேக்கு மேசை கதிரைகளையும் வைக்கலாம். ஆனால் கிழக்கு, மேற்கு வெயில் நேரே படாமல், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றுவது வியாபாரத்துக்கும் நல்லது. ஒவ்வொரு நாளும் அதே வழியால் போகிற ஆள், அதே சாமானை மூன்றாம் மாதம் பார்க்கவே மாட்டார்.

ஏடு, சேலை, பழைய போட்டோ, கடிதம், நீர்வர்ணப் படம் இவற்றை மட்டும் வேண்டாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; நூதனசாலைக்காரர் இவற்றுக்கு வைத்திருக்கிற அளவு 50 லக்ஸ். நேர் வெயில் விழுகிற கண்ணாடிக்குள் 50,000 லக்ஸ் சாதாரணம். அப்படி ஒரு மணித்தியாலம் கிடந்தால், அரங்கில் ஒரு நாளுக்கு 8 மணித்தியாலப்படி 4 மாதம் காட்டியதற்குச் சமம். புறஊதாக் கதிரைத் தடுக்கிற பிலிம் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது உதவும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நிறத்தைத் தின்னும். போன நிறம் திரும்பி வராது. ஏட்டைக் காட்டித்தான் ஆளைக் கூப்பிட வேண்டும் என்றால், ஒரே ஓர் ஏட்டை நல்ல கலர்ப் பிரதி எடுத்து, பெரிதாக்கி மாட்டுங்கள். கீழே, 'மூல ஏடு உள்ளே இருக்கிறது, கேட்டால் காட்டுவோம்' என்று எழுதுங்கள். கேட்க உள்ளே வருகிறவர்தான் உண்மையில் வாங்குகிறவர்.

கோட்டை யோர்க் வீதியில் பழைய கட்டடங்களின் வளைவு நடைபாதையைக் கவனித்திருப்பீர்கள். வெயிலை வீதியிலேயே நிறுத்திவிட்டு, நிழலில் நின்று கண்ணாடியைப் பார்க்கச் சொல்கிற கட்டடக்கலை அது. அரபுச் சந்தைகளின் மூடிய தெருக்களும் இதையேதான் செய்கின்றன. எங்கள் கடைகளுக்கு ஒரு கன்வஸ் சாய்ப்பும், பின்னேரம் இறக்குகிற தட்டியும் போதும். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி இறுக்கி மூடவும் வேண்டாம். பகலில் ஏசி, இரவில் இல்லை என்றால் உள்ளே ஈரம் ஏறி இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கம் ஓர் இடைவெளி விடுங்கள். வெள்ளிச் சாமானுக்கு அடியில் ரப்பர் விரிக்காதீர்கள், அதிலிருந்து வருகிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கின்றன. விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் அனுமதி வேண்டிய சாமான்கள் எங்கள் கைகளால் போகின்றன. கையில் இருக்கிற ஏட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கொழும்பு 7 இல் தொல்பொருள் திணைக்களம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தபோது ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. அந்த ஏட்டுக்கட்டைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்ததற்கு அதுதான் காரணம். அது எந்த வீட்டுப் பரணிலிருந்து, எத்தனை இடப்பெயர்வைத் தாண்டி காலி வீதி வரைக்கும் வந்ததோ தெரியாது.

அந்தக் கடை முதலாளி இதை வாசித்தால்: ஐயா, அந்த விசிறியை மெதுவாக மடக்கி, பழைய கயிற்றிலேயே கோர்த்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றி உள் அலுமாரியில் வையுங்கள். சுருண்ட நுனியை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். பிரதி எடுக்க உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். இன்றைக்கே பின்னேர வெயில் வருவதற்கு முன்னால் செய்தால் நல்லது.